பற்றும் உறவும்: யூத மரபில் இறைவனை நெருங்குதல் – வாசகர் கேள்வி பதில்

யூத சமயத்தில் இறைவனோடு உறவு எப்படி அமைகிறது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். விவிலிய நூல்களின் பெயர்கள் தமிழில் வழங்குகிறபடியே இருக்கும். எபிரேயச் சொற்களுக்கு அந்தந்த இடத்திலேயே பொருள் தந்திருக்கிறோம்.

கேள்வி: யூத சமயத்தில் 613 கட்டளைகள் உண்டு என்று படித்தேன். உண்பதற்குச் சட்டம், உடுப்பதற்குச் சட்டம் என்று எல்லாமே சட்டமாக இருக்கும்போது, இறைவனிடம் அன்பு வைக்க இடம் எங்கே இருக்கிறது?

பதில்: அன்பும் அந்த 613-இல் ஒன்றுதான். இறைவனை முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் நேசிக்கச் சொல்கிறது உபாகமம் 6:5. ‘செய்’ என்பவை 248, ‘செய்யாதே’ என்பவை 365 என்பது, ‘ரபி’ எனப்படும் யூத சமய ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் தரும் கணக்கு. அவற்றில் கணிசமானவை எருசலேம் ஆலய வழிபாட்டைச் சேர்ந்தவை. கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் அவற்றை நிறைவேற்ற வழியில்லை. அன்பு செய்யும் கட்டளைக்கு ஆலயம் தேவையில்லை, அதனால் அது நிற்கிறது.

அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா என்பது அடுத்து எழும் கேள்வி. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த மைமோனிடெஸ் இதைத் தம் சட்டத்தொகுப்பின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார். படைப்பை ஊன்றிப் பார்க்கிறவன் அதிலுள்ள ஞானத்தைக் காணும் கணத்தில் அன்பு கொள்கிறான், அறியத் தவிக்கிறான். அடுத்த கணமே தான் எவ்வளவு சிறியவன் என்று நடுங்கிப் பின்வாங்குகிறான். முன்னது ‘அஹவா’, அன்பு. பின்னது ‘யிரா’, அச்சம். இரண்டும் ஒரே பார்வையிலிருந்து பிறக்கின்றன. ஆகவே கட்டளை மனிதன் கையிலுள்ள ஒன்றைத்தான் கேட்கிறது: பார், சிந்தி. உணர்ச்சி அதன் பின்னால் வரும்.

இந்த உறவுக்கு மரபு வைத்திருக்கும் பெயர் ‘தெவேகுத்’. தமிழில் ‘பற்று’ என்று சொன்னால் அப்படியே பொருந்தும். நாம் உலோகத்தைப் பற்றவைப்பதையும் நெஞ்சு ஒருவர்மேல் வைக்கும் பற்றையும் ஒரே சொல்லால் சொல்கிறோம் அல்லவா? அதே வேர்ச்சொல்லிலிருந்துதான் இன்றைய எபிரேயத்தில் பசைக்கு ‘தெவெக்’ என்று பெயர். ஆண் தன் மனைவியோடு இசைந்திருப்பான் என்று ஆதியாகமம் 2:24 சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். இறைவனைப் பற்றிக்கொள் என்று உபாகமம் பலமுறை சொல்கிறது. அதே நூல் அவரைப் பட்சிக்கிற அக்கினி என்றும் சொல்கிறது. நெருப்பை எப்படிப் பற்றிக்கொள்வது? இந்த நெருப்பின் பின்னே மனிதன் நடக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத் தல்மூத் தரும் பதில் நம்மைத் தரைக்கு இறக்குகிறது. அவர் ஆதாம் ஏவாளுக்கு உடை தந்தார், நீ ஆடையற்றவருக்கு உடை கொடு. நோயுற்ற ஆபிரகாமைப் பார்க்க வந்தார், நீ நோயாளியைப் போய்ப் பார். தந்தையை இழந்த ஈசாக்கைத் தேற்றினார், நீ துக்கத்தில் இருப்பவரைத் தேற்று. மோசேயை அடக்கம் செய்தார், நீ இறந்தவரை அடக்கம் செய்.

சட்டத்துக்குள் அன்பு எப்படிப் பேசுகிறது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் தெஃபிலினைப் பாருங்கள். வேதப் பகுதிகள் எழுதிய தோல்சுருள்களை உள்ளே வைத்த இரு சிறு கறுப்புப் பெட்டிகள், ஒன்று கையில், ஒன்று தலையில். வார நாட்களின் காலைத் தொழுகையில் அணிவார்கள், ஓய்வுநாளான ஷப்பாத்தில் அணிவதில்லை. கைப்பெட்டியின் வாரை நடுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றும்போது, பல சமூகங்களில் ஓசியா 2-ஆம் அதிகாரத்தின் திருமண நிச்சய வரிகளைச் சொல்வார்கள்: என்றென்றைக்கும் உன்னை எனக்கு நிச்சயித்துக்கொள்வேன், நீதியிலும், கருணையிலும், உண்மையிலும். தோல் வாருக்கு எத்தனையோ விதிகள் உண்டு. அது விரலில் ஏறும்போது மோதிரமாகிவிடுகிறது.

கேள்வி: பழக்கமே இல்லாத யூதர் ஒருவர் தொடங்க நினைத்தால் முதல் வாரத்தில் என்ன செய்வார்?

பதில்: குறைவாகச் செய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே மூன்று வேளைத் தொழுகை, உணவு விதிகள், ஓய்வுநாள் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறி நிறுத்திவிடுகிறார்கள். மூன்று சிறு பழக்கங்கள் போதும்.

கண் விழித்ததும் படுக்கையிலேயே சொல்வது ‘மோதே அனி’. பெண்கள் ‘மோதா அனி’ என்பார்கள். மொத்தம் 12 சொற்கள்: என்றும் வாழும் அரசே, என் உயிரைக் கருணையோடு எனக்குள் திருப்பித் தந்ததற்கு உன்முன் நன்றி சொல்கிறேன், பெரிது உன் நம்பகம். இறைவனின் திருப்பெயர் இதில் வராது. அதனால் கைகழுவும் முன்பே சொல்லலாம்.

இரண்டாவது ‘ஷெமா’, காலையும் இரவும். ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் உபாகமம் 6:4–9, அதன்பின் உபாகமம் 11:13–21, எண்ணாகமம் 15:37–41. முதல் வரிக்கு வலக்கையால் கண்களை மூடிக்கொண்டு, இறுதிச் சொல்லான ‘எஹாத்’, அதாவது ‘ஒருவரே’ என்பதைச் சற்று நீட்டிச் சொல்வார்கள். அடுத்து வரும் ஒற்றை வரி விவிலியத்தில் இல்லாத புகழ்ச்சி, அதை முணுமுணுப்பாகச் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்வது பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் மட்டும். நேரம் தவறிப்போவதுதான் இங்கே வழக்கமான பிழை. பகல் வெளிச்சத்தை 12 பங்காக்கி, மூன்றாம் பங்கு முடிவதற்குள் காலை ஷெமாவைச் சொல்லிவிட வேண்டும். சூரியன் 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மறையும் நாளில் அது காலை 9 மணி. பருவத்துக்கேற்ப இது நகரும், நாள்காட்டி பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, உண்ணும் முன் சொல்லும் வாழ்த்து, ‘பெராஹா’. ஒரு நாளைக்கு 100 வாழ்த்துகள் என்பது தல்மூத்தில் ரபி மெயிர் வைக்கும் அளவு. முழுமையாகத் தொழுபவருக்கு, நின்றபடி சொல்லும் ‘அமிதா’ தொழுகை மட்டுமே, வேளைக்கு 19 வீதம், 3 வேளைக்கும் 57 தந்துவிடும். தொடங்குபவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு நாளில் ஒன்றையாவது நிதானமாகச் சொல்லட்டும். பொருளை வலக்கையில் எடுங்கள். எந்த வாழ்த்து என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். சொல்லி முடித்ததும் வேறு பேச்சின்றி ஒரு வாய் உண்ணுங்கள். இடையில் வேறு எதையாவது பேசினால் தொடர்பு அறுந்து, திருப்பெயரை வீணாகச் சொன்னதாகிவிடும். எந்த வாழ்த்து என்று முடிவுசெய்வதற்கே பொருளை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். வாழைப்பழத்துக்கு ‘மரத்தின் கனி’ என்ற வாழ்த்து கிடையாது, ‘நிலத்தின் கனி’தான். வாழைத் தண்டு குலைதள்ளி மடிந்து, அடியிலிருந்து புதிதாக முளைப்பதே காரணம். மைமோனிடெஸ் சொன்ன ‘பார், சிந்தி’ என்பது இப்படித்தான் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்கிறது.

இந்த வாழ்த்துகளின் இலக்கணத்தையும் கவனியுங்கள். தொடக்கச் சொற்கள் 6. அவற்றில் இரண்டாவது ‘அத்தா’, அதாவது ‘நீ’. எபிரேயத்தில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மரியாதைப் படிகள் இல்லை. அண்டை வீட்டானை அழைக்கும் அதே சொல்லால்தான் உலகத்தின் அரசனையும் அழைக்க வேண்டும். ஆனால் கட்டளை ஒன்றை நிறைவேற்றும் முன் சொல்லும் வாழ்த்தில், ‘நீ’ என்று தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே ‘தம் கட்டளைகளால் எங்களைப் புனிதப்படுத்தியவர்’ என்று படர்க்கைக்கு மாறிவிடும். கைதொடும் அருகாமையும் எட்டாத தொலைவும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த உறவை விளக்க இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: தொழுகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமிதா சொல்லும்போது உதடு ஓடுகிறது, மனம் எங்கோ திரிகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முழுவதும் சரியாகாது, சட்டமே அதை எதிர்பார்க்கவும் இல்லை. மனம் ஒன்றி நிற்பதற்குக் ‘கவானா’ என்று பெயர். எல்லாப் பகுதியிலும் அது கூடாவிட்டாலும் முதல் வாழ்த்திலாவது கூட வேண்டும் என்பதே சட்டநூலின் குறைந்தபட்சக் கோரிக்கை. அந்த ஒன்றில் உங்கள் முழு முயற்சியையும் வையுங்கள்.

அமிதா என்றால் நின்று சொல்வது. வார நாட்களில் 19 வாழ்த்துகள்: முதல் 3 புகழ்ச்சி, நடு 13 வேண்டுதல், இறுதி 3 நன்றியைச் சேர்ந்தவை. மூன்றடி பின்வைத்து, மூன்றடி முன்வந்து, கால்களைச் சேர்த்து, எருசலேம் இருக்கும் திசை நோக்கி நிற்க வேண்டும். முதல் வாழ்த்தின் தொடக்கத்திலும் முடிவிலும், நன்றி வாழ்த்தின் தொடக்கத்திலும் முடிவிலும் குனிய வேண்டும். உதடு அசைய வேண்டும், குரல் உங்கள் காதுக்கு எட்டினால் போதும். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் குழந்தை வேண்டி முணுமுணுத்த அன்னாளிடமிருந்து கற்றது இது. அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் தவறாக நினைத்தான். அந்த முணுமுணுப்பே பிற்காலத்தில் தொழுகைக்கு இலக்கணமாயிற்று.

மனம் அலைவதற்கு முதற்காரணம், நடந்துவந்த வேகத்திலேயே தொடங்குவது. பழங்காலப் பக்தர்கள் தொழுகைக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்கிறது, தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா. நீங்கள் ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். யார் முன் நிற்கிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்ற தல்மூத் வரி பல தொழுகைக்கூடங்களில் முன்சுவரில் எழுதப்பட்டிருப்பது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். மனப்பாடம் ஆனவர்களுக்குத்தான் மனம் அதிகம் ஓடும். ஒவ்வொரு வாழ்த்தின் முடிவு வரியையும் நிறுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம், வேண்டுதலில் உங்களுடையது எதுவும் இல்லாமல் போவது. 8-ஆவது வாழ்த்து நலம் வேண்டுவது, அங்கே உங்களுக்குத் தெரிந்த நோயாளியின் பெயரைச் சேர்க்கலாம். 16-ஆவது ‘ஜெபத்தைக் கேட்பவர்’, அங்கே எந்தக் கோரிக்கையையும் சொந்தச் சொற்களில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. தொழுகையைக் கடமைக்கு ஒப்பிக்காதே, இரக்கம் கோரும் மன்றாட்டாக்கு என்ற மிஷ்னாவின் அறிவுரைக்கு இதுவே செயல்வடிவம்.

அலையும் எண்ணத்தோடு சண்டைபோட வேண்டாம். எண்ணத்தைப் பிடித்து அதன் மூலத்துக்கு உயர்த்துவது என்ற ஒரு முறை, 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த பக்தி இயக்கமான ஹசிதிய மரபில் பேசப்படுகிறது. லியாதியின் ஷ்னியூர் சல்மான் (1745–1812) தம் ‘தன்யா’ நூலின் 28-ஆம் அதிகாரத்தில், அது மகான்களுக்குரியது, சாதாரண மனிதன் அதை முயல்வது அறிவீனம் என்கிறார். அயல் எண்ணத்தைக் கண்டுகொள்ளாதே, சொல்லுக்குத் திரும்பு என்பதே அவர் காட்டும் வழி. இதில் நாங்கள் அவர் பக்கம்தான்.

கேள்வி: எபிரேயம் தெரியாதவர் தாய்மொழியில் இறைவனிடம் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம். ஷெமாவையும் தொழுகையையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னாவே அனுமதிக்கிறது. அதற்கும் மேலே சென்றவர் பிரெஸ்லவ் ஊரின் ரபி நஹ்மான் (1772–1810). வகுத்த தொழுகையோடு கூடவே, தினமும் ஒரு மணி நேரம் தனித்திருந்து, தாய்மொழியில், நண்பனிடம் பேசுவதுபோல் இறைவனிடம் பேச வேண்டும் என்றார். இதற்கு ‘ஹித்போதெதூத்’, தனித்திருத்தல், என்று பெயர். ஆள் நடமாட்டமில்லாத வயல்வெளியையும் இரவையும் அவர் விரும்பினார்.

வாய்விட்டுப் பேசுவதுதான் இதன் உயிர். மனதுக்குள்ளேயே பேசினால் சில நிமிடங்களில் அது வெறும் யோசனையாகிவிடும். இன்று நடந்ததிலிருந்து தொடங்குங்கள்: எதில் தவறினீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள், என்ன வேண்டும். பொதுவாக ‘நல்லவனாக்கு’ என்று கேட்டால் பேச ஒன்றுமில்லாமல் போய்விடும், ‘நாளை அந்த மனிதரிடம் கோபப்படாமல் பேச உதவு’ என்றால் பேச்சு தானே வளரும். சொல்லே வரவில்லையென்றால், சொல் வரவில்லை என்பதையே சொல்லச் சொல்கிறார் நஹ்மான். அதுவும் முடியாதபோது ‘உலகத்தின் தலைவனே’ என்ற ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். தொடங்குபவருக்கு ஒரு மணி நேரம் பெரிய மலை. பத்து நிமிடத்தில் தொடங்கி, நாள் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெருங்கிய ஒருவரை இழந்தபின் தொழவே முடியவில்லை. கோபம்தான் வருகிறது. இறைவனிடம் கோபப்படுவது யூத மரபில் பாவமா?

பதில்: கோபத்துக்கு வருவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மரணத்துக்கும் அடக்கத்துக்கும் இடையில், பெற்றோர், உடன்பிறந்தார், துணைவர், பிள்ளை ஆகியோரை இழந்தவருக்குத் தொழுகை இல்லை, வாழ்த்துகள் இல்லை, ஷெமாவும் இல்லை. இறைவனைப் புகழும் கடமையிலிருந்து சட்டமே அவரை விடுவிக்கிறது. உடையைக் கிழிக்கச் சொல்கிறது, நின்றுகொண்டு, குறைந்தது ஒரு கைப்பிடி அகலத்துக்கு. பெற்றோருக்காக என்றால் இதயம் இருக்கும் இடப்பக்கம். இறந்தவர் கண்முன் கிடக்கும்போது ஆறுதல் சொல்லாதே என்று மற்றவர்களையும் மிஷ்னா தடுக்கிறது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அந்த நேரத்தில் சொல்பவர்கள் பக்தியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இந்த விதியை மீறுகிறார்கள்.

கோபம் பாவமல்ல. ஆபிரகாம் சோதோமுக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை பேரம் பேசினார். யாக்கோபு இரவு முழுவதும் போராடி, விடியலில் இஸ்ரவேல் என்ற பெயரைப் பெற்றார். தேவனோடு போராடியவன் என்று அதற்கு அங்கேயே விளக்கம் வருகிறது. இந்த மக்கள் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று. யோபுவின் நூலில் இறைவனுக்காக வாதாடிய நண்பர்கள் கண்டிக்கப்படுகிறார்கள், இறைவனிடமே வழக்காடிய யோபு சரியாகப் பேசியதாகத் தீர்ப்பு வருகிறது. 88-ஆம் சங்கீதம் கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதற்கு நம்பிக்கையான முடிவு ஒன்றை ஒட்டவைக்க யாரும் துணியவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பெர்திச்சேவ் ஊரின் ரபி லேவி யிட்ஸாக், தம் மக்களுக்காக இறைவன்மேல் வழக்குத் தொடுத்தவராகவே நினைவில் நிற்கிறார்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. இறைவனைப் பற்றிப் பிறரிடம் குறை சொல்வது வேறு, இறைவனிடமே முகம் பார்த்துக் குறை சொல்வது வேறு. இரண்டாவதில் ‘நீ’ என்ற சொல் உயிரோடு இருக்கிறது.

முகத்தை மறைத்துக்கொள்ளும் இறைவனைப் பற்றி உபாகமம் 31:18 பேசுகிறது. ‘ஹெஸ்தேர் பானிம்’, முகமறைப்பு, என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சா கெட்டோவில் அடைபட்டிருந்த பியாசெச்னோ ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபீரா, 1939-இல் தம் மகனைப் பறிகொடுத்த பிறகும் 1942 வரை அங்கே பிரசங்கம் செய்தார். இறைவன் மறைவான உள்ளறையில் அழுகிறார் என்ற தல்மூத் வரியை அவர் அங்கே விரித்தார்: அவருடைய வேதனை எல்லையற்றது, உலகம் தாங்காது என்பதால் மறைவில் அழுகிறார், மனிதன் உள்ளே நுழைந்து அவரோடு சேர்ந்து அழலாம். 1943-இல் அவர் கொல்லப்பட்டார். புதைத்து வைத்த கையெழுத்துப் பிரதிகள் போருக்குப்பின் கிடைத்தன, 1960-இல் அச்சேறின.

உங்கள் நிலையில் புகழ்ச்சியை இப்போது முயல வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோருக்காக 11 மாதம் சொல்லப்படும் ‘கதிஷ்’ தொழுகையைச் சொல்லப் பத்துப் பேர் கொண்ட கூட்டம் வேண்டும். துக்கப்படுபவர் தனியே சொல்ல முடியாதபடி அது அமைந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ‘ஆமென்’ என்பார்கள். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: நிறையத் தவறுகள் செய்துவிட்டேன். திரும்பிப் போக வழியிருக்கிறதா?

பதில்: மனந்திரும்புதலுக்கு எபிரேயத்தில் ‘தெஷூவா’. நேர்ப்பொருள் திரும்பி வருதல். மைமோனிடெஸ் காட்டும் பகுதிகள் நான்கு: தவற்றை விடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், இவற்றை இறைவன் முன் வாய்விட்டு அறிக்கையிடுதல். தவற்றின் பெயரைச் சொல்லுங்கள். அதே சூழல், அதே வாய்ப்பு மீண்டும் வந்து, அஞ்சியோ உடல் தளர்ந்தோ அல்லாமல் விலகி நின்றால் அது முழுமையான தெஷூவா.

மனிதருக்குச் செய்த தவறு என்றால் யோம் கிப்பூரும் அதைத் துடைக்காது. முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு நேரில் மன்னிப்புக் கேளுங்கள். மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு மறுபடியும், தேவையானால் மூன்றாம் முறையும் கேளுங்கள். ‘தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்’ என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது இதற்கு ஈடாகாது.

கேள்வி: நம்பிக்கை உறுதியாகும் முன்பே செய்யத் தொடங்கினால் அது போலித்தனம் ஆகாதா?

பதில்: ஆகாது. சீனாய் மலையடிவாரத்தில் மக்கள் சொன்னது ‘செய்வோம், கேட்போம்’ என்று யாத்திராகமம் 24:7 சொல்கிறது. செயல் முதலில் வருகிறது. நம்பிக்கைக்கான சொல் ‘எமுனா’. அமலேக்கியரோடு போர் நடந்தபோது மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை உறுதியாக நின்றன என்ற இடத்தில், அந்த உறுதிக்கும் எமுனா என்பதே சொல். அந்தக் கைகளும் தாமாக நிற்கவில்லை, இருவர் இரு பக்கமும் தாங்கினார்கள்.

கேள்வி: நான் யூதர் அல்ல. மதம் மாறும் எண்ணமும் இல்லை. இதில் எனக்கு இடமுண்டா?

பதில்: உண்டு, மாறவும் தேவையில்லை. பிற இனத்து நீதிமான்களுக்கும் வரும் உலகில் பங்குண்டு என்பது ரபிகளின் தெளிவான நிலைப்பாடு. நோவாவின் சந்ததியாகிய மனிதர் எல்லோருக்கும் உரியவை என்று 7 விதிகளை மரபு சொல்கிறது: விக்கிரக வழிபாடு, இறைநிந்தை, கொலை, தகாத உறவு, திருட்டு, உயிருள்ள விலங்கின் உறுப்பை வெட்டி உண்ணுதல் ஆகிய ஆறைத் தவிர்த்தல், நீதிமன்றம் அமைத்தல். எருசலேம் ஆலயத்தைத் திறந்தபோது சாலொமோன், தூரதேசத்திலிருந்து வரும் அந்நியனின் ஜெபத்தையும் கேளும் என்று தனியே வேண்டினார் (1 இராஜாக்கள் 8:41–43).

தெஃபிலினும் ஷப்பாத் விதிகளும் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கையின் அடையாளங்கள், அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கீதங்களும், தாய்மொழியில் தனித்துப் பேசும் நேரமும், நோயாளியைப் பார்க்கப் போவதும் உங்களுக்கும் திறந்தவை. 145-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். எபிரேயத்தில் அது அகரவரிசையில் அமைந்தது, 21 வசனம். 18-ஆவது வசனம், உண்மையாய்த் தம்மைக் கூப்பிடுகிற யாவருக்கும் அவர் அருகில் இருக்கிறார் என்கிறது. அந்த ‘யாவருக்கும்’ என்ற சொல் எபிரேய மூலத்திலும் இருக்கிறது.